எங்கள் வீட்டு மணியும் என் விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளிப் (சபையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் வேத வகுப்பு) பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடம் எடுக்கிறேன். எங்கள் வீட்டில் மணி என்ற நாட்டு நாய் பதினொரு வருடம் இருந்தான். எந்தப் பாடம் எடுத்தாலும் நடுவில் அவன் பெயர் வந்துவிடும். பிள்ளைகள் கேட்டதும், அவர்களுடைய அம்மாமார் கேட்டதும், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சிலர் முகம் சுளித்துக் கேட்டதும் சேர்ந்து ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. அதிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறேன். வசனங்களெல்லாம் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

மணி உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தான்?

ஒரு டிசம்பர் இரவு, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டும் விடாத நேரம். தெருமுனைச் சாக்கடையிலிருந்து ஈனமாக ஒரு குரல். என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. யாரும் தடுக்கும் முன் இறங்கிப் போய்க் கையை உள்ளே விட்டான். குட்டி கடித்துவிட்டது. ஊசிபோன்ற பால்பல், நடுவிரலில் இரண்டு பொட்டு ரத்தம். 'ஆ' என்று கத்தினானே தவிர, கையை எடுக்கவில்லை. கடித்த வாயோடு சேர்த்து அள்ளிக்கொண்டு மேலே வந்தான்.

அந்த இரவே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கையைக் கழுவினோம். மறுநாளே மருத்துவமனையில் ஊசியைத் தொடங்கினோம். (நாய்க்கடி எவ்வளவு சிறியதானாலும் இதைச் செய்யுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.) மணி என்று பெயர் வைத்தது என் மாமியார்.

"நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" என்ற ரோமர் 5:8 சின்ன வயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். அந்த "இருக்கையில்" என்ற சொல்லின் கனம் அன்றைக்குத்தான் தெரிந்தது. குட்டி அமைதியாகட்டும், அப்புறம் தூக்கலாம் என்று என் மகன் காத்திருக்கவில்லை. கடித்துக்கொண்டிருக்கும்போதே தூக்கினான்.

வேதத்தில் நாய் என்றாலே கெட்ட பொருள்தானே? அதை வைத்து விசுவாசத்தைப் பேசலாமா?

கெட்ட பொருளில் வரும் இடங்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. "நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். கக்கினதைத் தின்னத் திரும்பும் நாயை நீதிமொழிகள் மூடனுக்கு ஒப்பிடுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் நகரத்துக்குப் புறம்பே நிற்கிறவர்களின் பட்டியல் நாய்களில்தான் தொடங்குகிறது. அந்தக் காலத்து ஊர்களில் குப்பையையும் பிணத்தையும் தின்று கூட்டமாகத் திரிந்த நாய்களை மனதில் வைத்து எழுந்த பேச்சு அது. தோலில் சொறியோடு குப்பைத்தொட்டியைக் கிளறும் நாயைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் அதே வேதம்தான் மிருகங்களிடம் போய்க் கற்றுக்கொள் என்கிறது. சோம்பேறியை எறும்பினிடத்தில் அனுப்புகிறது. காகங்களைக் கவனித்துப் பாருங்கள் என்கிறார் ஆண்டவர். மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையை (தீவனத்தொட்டியை) அறியும், இஸ்ரவேலோ அறியவில்லை என்று ஏசாயா முதல் அதிகாரத்திலேயே கர்த்தர் வருத்தப்படுகிறார். கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கும் தோபித்து நூலில் தோபியா பயணம் போகும்போது அவனோடு ஒரு நாயும் போகிறது. அது பேசவில்லை, அற்புதம் எதுவும் செய்யவில்லை. கூடவே போய்க் கூடவே திரும்பி வருகிறது, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

நாய் என்றால் நன்றி. அதுதானே பாடம்?

எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். போகப் போக அது எனக்குப் போதவில்லை. "நன்றியாயிரு" என்று பிள்ளைகளிடம் சொன்னால், நாம் செய்யவேண்டிய இன்னொரு வேலையாகத்தான் அது போய்ச் சேருகிறது.

மணியிடம் நான் கண்டது வேறு. அவன் எப்போதும் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சோறு வைக்கும் கை, சங்கிலி மாட்டும் கை, கதவு திறக்கும் கை, குளிப்பாட்ட இழுத்துக்கொண்டு போகும் கை எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். கை என்ன செய்யப்போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. யாருடைய கை என்பது தெரியும். "ஊழியக்காரரின் கண்கள் தங்கள் எஜமான்களின் கையை நோக்கியிருக்குமாப்போலவும்" என்று 123ஆம் சங்கீதம் சொல்வதை அவன் கண்ணில் பார்த்தேன். அந்த வசனத்தில் "எங்களுக்கு இரக்கஞ்செய்யும்வரைக்கும்" என்று வருகிறது. எவ்வளவு நேரம் என்ற கணக்கு அதில் இல்லை.

குட்டியாக இருந்தபோது, அதோ பந்து என்று விரலை நீட்டினால் விரல் நுனியை வந்து முகர்வான். கொஞ்ச நாளில் விரல் காட்டும் திசையில் ஓடப் பழகிக்கொண்டான். மனிதன் கை காட்டும் திசையைப் புரிந்துகொள்வதில் சிம்பன்சிகளைவிட நாய் கெட்டிக்காரன் என்று இதை ஆராய்ந்தவர்களும் சொல்கிறார்கள். ஆசீர்வாதம் கிடைத்தவுடன் அதையே முகர்ந்துகொண்டு நிற்கும் பழக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. கை எங்கே காட்டுகிறது என்று தலையைத் திருப்பிப் பார்க்க வெகு தாமதமாகத்தான் கற்றேன்.

ஜெபத்தைப் பற்றி மணி ஏதாவது கற்றுக் கொடுத்தானா?

சீர்திருத்தச் சபைகளின் தந்தை மார்ட்டின் லூத்தர் வீட்டில் தோல்பெல் என்றொரு நாய் இருந்தது. அவர் கையிலிருந்த இறைச்சித் துண்டை அது கண்கொட்டாமல் பார்த்து நின்றபோது, இது இறைச்சியைப் பார்ப்பதுபோல என்னால் ஜெபிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று சொன்னாராம். 1532இல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் குறித்துவைத்த பேச்சு இது. ஐந்நூறு வருடம் ஆகிறது, ஒரு வார்த்தை மாற்றவேண்டியதில்லை. நான் முழங்காலில் நின்றுகொண்டு, குக்கர் எத்தனை விசில் விட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கிற ஆள்.

கானானியப் பெண்ணை இயேசு நாய் என்று ஏன் சொன்னார்? எனக்கு அந்தப் பகுதியை வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது, அக்கா.

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீரு, சீதோன் பக்கம் யூதரல்லாத ஒரு தாய், பிசாசு பிடித்த தன் மகளுக்காக இயேசுவின் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள். "பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து, நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல" என்கிறார் அவர். அதற்கு அவள், "மெய்தான் ஆண்டவரே, ஆகிலும் நாய்க்குட்டிகள் தங்கள் எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளைத் தின்னுமே" என்கிறாள். மத்தேயு 15, மாற்கு 7 இரண்டிலும் இருக்கிறது.

கிரேக்கத்தில் அங்கே இருப்பது தெருநாயைத் திட்டும் சொல் இல்லை. வீட்டில் வளையவரும் சின்ன நாயைக் குறிக்கும் சொல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் "நாய்க்குட்டி" என்று போட்டதற்கு அதுதான் காரணம். அதனால் வலி முழுவதும் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பிடித்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். குட்டி என்றால் வீட்டுக்கு உள்ளே இருக்கிறது, மேஜைக்குக் கீழே அதற்கு ஒரு இடம் இருக்கிறது என்று வாதாடுகிறாள். மாற்குவில் "முந்திப் பிள்ளைகள் திருப்தியடையட்டும்" என்று வருகிறது. முந்தி என்றால் பிந்தி என்று ஒன்று உண்டே! அந்த ஒரு சொல்லின் இடுக்கில் கால் வைத்து நுழைந்துவிட்டாள். "ஸ்திரீயே, உன் விசுவாசம் பெரிது" என்று அவரே சொல்லும்படி ஆயிற்று.

சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் எங்கள் அசனப் பண்டிகையில் பந்தி எழுந்ததும் இலைகளை வாரிக் கொட்டுவார்கள். தெருநாய்களெல்லாம் அங்கே போய்ச் சண்டை போடும். மணி போகமாட்டான். வீட்டில் நாங்கள் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போது வாசற்படிக்கு அந்தப் பக்கம், முன்னங்கால் இரண்டும் படியைத் தொட, படுத்திருப்பான். யார் கையிலிருந்து அப்பளம் நழுவும் என்பது அவனுக்குத் தெரியும். என் அண்ணன் பேத்தி வந்தால், வேண்டுமென்றே நழுவவிடுவாள். துணிக்கை என்றால் மீந்துபோனது என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் துணிக்கை விழாமல் இருக்காது என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது.

ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். பிறப்பைக் காரணம் காட்டி மனிதரை நாயென்று கூப்பிட்ட ஊர்கள் நம்முடையவை. பக்தன் தேவன் முன்னால் தன்னையே "நாயேன்" என்று பாடுவது தமிழில் பழைய வழக்கம். இன்னொருவனைப் பார்த்து "நாயே" என்பது பாவம். அவமானத்தை விழுங்கிக்கொண்டு பொறுமையாக இரு என்று யாருக்காவது சொல்ல இந்த வேதபகுதியை எடுத்தால், அதை எடுத்தவர் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கவில்லை.

துன்பம் வரும்போது கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார்? இதற்கும் மணியிடம் பதில் இருக்கிறதா?

பதில் என்று சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அவனுக்கு ஐந்து வயது இருக்கும். வேறு நாயோடு சண்டை போட்டுத் தோளில் கடி வாங்கியிருந்தான். முடி மூடியிருந்ததால் நாங்கள் கவனிக்கவில்லை. நான்காம் நாள் ஒரு வாடை. முடியை விலக்கிப் பார்த்தால் புண்ணில் புழு நெளிகிறது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவன் வாயைக் கட்டுத்துணியால் கட்டி, "அம்மா, தலையை நீங்க பிடிச்சுக்கோங்க" என்றார் மருத்துவர். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். முக்கால் மணி நேரம். ஒவ்வொரு முறையும் மணியின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கட்டின வாய்க்குள்ளிருந்து வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன் இடுக்கியைப் பார்க்கவில்லை, மருத்துவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். உன்னைப் பிழைக்க வைக்கத்தான் இது என்று அவனுக்குப் புரியவைக்க என்னிடம் ஒரு பாஷை இல்லை. நான் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்திருப்பான். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: வெளியே போகாமல் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டான், சோறு தொடவில்லை. விடியற்காலை பால் வாங்கக் கதவைத் திறந்தால், நொண்டிக்கொண்டு வந்து என் பாதத்தின்மேல் தலையை வைத்தான்.

யானை தன்னை வளர்த்த பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்று நம் பழைய வெண்பா ஒன்று உண்டு. "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" என்று யோபு சொன்னதும் எனக்கு அந்த வாலைத்தான் நினைவுபடுத்துகிறது.

ஆனாலும் இந்தக் கதையைக் கண்ட இடத்தில் நான் சொல்வதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டாள். அவளிடம் மணியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாத் துன்பமும் வைத்தியம்தான் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. நான் மணியின் தலையைப் பிடித்திருந்தபோது வலி அவனுக்கு மட்டும்தான். என் ஆண்டவர் அப்படி வெளியே நின்று பிடித்திருக்கவில்லை. அவர் கையிலேயே ஆணி இறங்கியது. ஒப்புமை அங்கே நின்றுவிடுகிறது, நிற்கவும் வேண்டும்.

மணி ஓடிப்போனதுண்டா?

உண்டு, மூன்று நாள். இரவில் கேட்டைப் பூட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கணவர் திண்ணையில் படுத்தார். நான்காம் நாள் விடிகாலை சேறும் உண்ணியுமாக வந்தான். வீட்டை விட்டுப்போன மகன் திரும்பி வரும் கெட்ட குமாரன் உவமையை வாசிக்கும்போது, தகப்பன் அவனைத் தூரத்திலேயே கண்டான் என்பதைக் கவனியுங்கள். தகப்பன் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால்தானே தூரத்தில் காணமுடியும்?

நாய் உங்களை மன்னித்ததாகச் சொல்கிறீர்கள். அது மறதிதானே?

ஒரு நாள் கணவரோடு சண்டை போட்ட கோபத்தில், குறுக்கே வந்த மணியைச் செருப்பால் அடித்தேன். அவன் ஒன்றுமே செய்யவில்லை. ஐந்து நிமிடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறந்தானா மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. மறதியாக இருக்கலாம். அதனால்தான் தேவனுடைய மன்னிப்பை மணியை வைத்து நான் விளக்குவதில்லை. அவர் என் கணக்கு முழுவதையும் அறிந்து, விலை கொடுத்து மன்னிக்கிறார். மணியிடம் நான் பார்த்தது என் முகத்தை. ஒரு வாயில்லா ஜீவனுக்கு முழு எஜமானியாக இருக்கும் அதிகாரம் கிடைத்தபோது அதை எப்படிப் பயன்படுத்தினேன் என்று பார்த்தேன். சோறு வைக்க மறந்த நாட்களும் உண்டு. நம்மை ஆளுகிறவர் நம்மைப்போல இல்லை என்பதற்காக அன்றைக்கு ஸ்தோத்திரம் பண்ணினேன்.

நாய்க்குச் செலவழிப்பதை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே?

இதைக் கேட்கிறவர்களை லூக்கா 16க்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஐசுவரியவான் வாசலில் லாசரு பருக்களோடு கிடக்கிறான். மேஜையிலிருந்து விழும் துணிக்கைக்கு ஏங்குகிறான். வீட்டுக்காரன் திரும்பிப் பார்க்கவில்லை. நாய்கள் வந்து அவன் பருக்களை நக்கின. அந்த வாசலில் லாசருவின் கிட்டே போனதாக வேதம் சொல்வது நாய்களை மட்டும்தான்.

நாயைக் கவனிக்கிறவர்கள் மனிதரை விட்டுவிடுவார்கள் என்பதை நான் கண்டதில்லை. விட்டுவிட்டால் அது தப்பு. ஆனால் "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்பதும் வேதம்தான், நீதிமொழிகள் 12:10. ஆகவே வருடந்தோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடிக்க எப்போதும் தண்ணீர், வெயில் காலத்தில் நிழல். இவை இல்லாமல் நாய் வளர்க்கவேண்டாம். பிறந்தநாள் கேக் வெட்டும் ஆடம்பரமெல்லாம் அதற்குத் தேவையில்லை. சாக்லேட்டும் திராட்சையும் அதற்கு விஷம் என்பது அதைவிட முக்கியம்.

சபை வரலாற்றில் நாய்கள் உண்டா?

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,470 மீட்டர் உயரத்தில் துறவிகள் நடத்தும் புனித பெர்னார்ட் சத்திரத்தில், பனியில் சிக்கிய வழிப்போக்கர்களைக் கண்டுபிடிக்க நாய்கள் இருந்தன. 1800இல் பிறந்த பேரி என்ற நாய் 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். (கழுத்தில் சின்னப் பீப்பாய் தொங்குவதாகப் போடும் படம் ஓவியரின் கற்பனை.) இத்தாலியில் துரின் நகரத்துத் தெருப்பிள்ளைகளுக்கு ஊழியம் செய்த தொன் போஸ்கோவை யாராவது தாக்க வரும்போதெல்லாம், கிரிஜியோ என்று அவர் பெயர் வைத்த சாம்பல்நிற நாய் எங்கிருந்தோ வந்து நின்றதாக அவரே எழுதியிருக்கிறார். பெரு நாட்டு லிமாவில் புனித மார்ட்டின் தெ போரஸ், மடத்தில் இடம் இல்லாதபோது தன் சகோதரி வீட்டில் நாய்களையும் பூனைகளையும் வைத்துப் பார்த்தார். அவர் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும், அடிமையாயிருந்து விடுதலையான கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

டீச்சர், மணி பரலோகத்துக்குப் போயிருப்பானா?

அவன் இறந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழு வயதுப் பிள்ளை கேட்டது. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

மிருகங்களுடைய ஆவி எங்கே போகிறது என்பதை அறிகிறவன் யார் என்று வேதத்தில் பிரசங்கி நூலை எழுதினவரே கேட்டு நிறுத்திக்கொள்கிறார். சர்வ சிருஷ்டியும் தவித்து விடுதலைக்குக் காத்திருக்கிறது என்கிறார் பவுல். ஜலப்பிரளயத்துக்குப் பிறகு தேவன் உடன்படிக்கை செய்தது நோவாவோடு மட்டும் இல்லை, பேழையிலிருந்து வந்த ஜீவஜந்துக்களோடும்தான். இதற்குமேல் எழுதியில்லாததை எழுதியிருப்பதாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அழுகிற பிள்ளையிடம் பொய் சொல்லவும் மனமில்லை. அதனால் லூக்கா 12:6ஐ வாசித்துக் காட்டினேன்: "இரண்டு காசுக்கு ஐந்து அடைக்கலான் குருவிகளை விற்கிறார்களல்லவா? அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை." அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மணி பேரு அவருக்குத் தெரியும்" என்றது. ஆமாம் என்றேன்.

விசுவாசம் மங்கிப்போனால் என்ன செய்வது?

கடைசி ஒன்றரை வருடம் மணிக்கு இரண்டு கண்ணிலும் பால்போலப் புரை விழுந்துவிட்டது. என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குக் கை தெரியவில்லை. அதே வருடம்தான் அவனுக்குப் பெயர் வைத்த என் மாமியாருக்கும் நினைவு தப்பத் தொடங்கியது. அறுபது வருடம் ஒருநாள் தவறாமல் வேதம் வாசித்த அத்தை, பரமண்டல ஜெபத்தை நடுவில் விட்டுவிட்டு விழிப்பார்கள். "நான் ஜெபம்பண்ணினேனா, பண்ணலியா?" என்று இரவில் நாலு தடவை கேட்பார்கள். நான் மறந்தால் அவரும் என்னை விட்டுவிடுவாரோ என்ற பயம் அந்தக் குரலில் இருக்கும்.

மணி தட்டைத் தேடி அலையாமல் இருக்க, சோறு வைக்கும்முன் என் உள்ளங்கையை அவன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் வைப்பேன். முகர்ந்து பார்ப்பான், உடம்பெல்லாம் தளர்ந்து அமைதியாவான், அப்புறம்தான் சாப்பிடுவான். அவனால் கையைத் தேட முடியாதபோது கைதான் அவனிடம் போகவேண்டியிருந்தது. ஒரு நாள் அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்றிரவு அதே கேள்வி வந்தபோது நான் ஒன்றும் விளக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என் கையை அவர்கள் கைக்குள் வைத்தேன். "எங்கள் பிதாவே" என்று நான் தொடங்க, அவர்கள் விரல்கள் என் கையை இறுக்கிப் பிடித்தன. ஆமென் சொல்லும் முன்பே தூங்கிவிட்டார்கள்.